இணையவழியில் கற்பிக்கக் கற்றுக்கொண்டது

"எல்லாருக்கும் விளங்கிச்சா?" என்று கேட்டேன். பதில் இல்லை. கைத்தொலைபேசித் திரையில் பதினான்கு கறுப்புக் கட்டங்கள் இருந்தன. ஒரு கட்டத்துக்குள்ளிருந்து தகரக் கூரையில் மழை விழும் சத்தம் வந்தது. இன்னொன்றிலிருந்து யாரோ ஒரு சின்னத் தம்பி அழும் சத்தம். மறுபடியும் கேட்டேன். ஒருத்தி "ஓம் ராத்தா" என்று எழுதி அனுப்பினாள். அதைப் பார்த்து அடுத்தவள் "ஓம் ராத்தா" என்றாள். அரை நிமிடத்துக்குள் பன்னிரண்டு "ஓம் ராத்தா" வரிசையாக ஏறின. எனக்குப் பெரிய சந்தோஷம். முதல் வகுப்பிலேயே சதவீதத்தை விளங்கவைத்துவிட்டேன் என்று உம்மாவிடம் போய்ச் சொன்னேன்.

மறுநாள் வீட்டுப்பாடத்தைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். பதினான்கு பேரில் நான்கு பேர் அனுப்பினார்கள். நான்கிலும் ஒரே பிழை. அவற்றில் இரண்டு, ஒரே கொப்பியை வேறு வேறு வெளிச்சத்தில் எடுத்த படங்கள்.

நான் ஆசிரியை அல்ல. வர்த்தகப் பிரிவில் உயர்தரம் படிக்கும் மாணவி. இந்த வேலை எனக்கு எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2024 நவம்பர் இறுதியில் பெய்த மழை எல்லோருக்கும் நினைவிருக்கும். நாடு முழுவதும் நடந்துகொண்டிருந்த உயர்தரப் பரீட்சையையே இடையில் சில நாட்கள் நிறுத்திவைக்க வேண்டி வந்த மழை அது. எமது தரம் 11 தங்கைமாருக்குப் பாடசாலை முடிந்த பின் நடந்துவந்த மேலதிகக் கணித வகுப்பும் அத்தோடு நின்றது. சாம்பல்தீவிலிருந்து நிலாவெளி, இறக்கக்கண்டி, குச்சவெளி என்று கடலோர வீதி நெடுகச் சிதறியிருக்கும் வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகள் அவர்கள். மாரி காலத்தில் இருட்டிய பிறகு பஸ்ஸை நம்பிப் பெண்பிள்ளையை அனுப்ப எந்த உம்மாவுக்கும் மனம் வராது. சாதாரணதரப் பரீட்சை 2025 மார்ச்சில். கணிதத்தில் சித்தியடையாவிட்டால் உயர்தரத்துக்கான வழி எவ்வளவு குறுகிப்போகும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. எங்கள் வீடுகளில் அந்த வழி குறுகினால் அடுத்த பேச்சு என்னவாக இருக்கும் என்பதையும் சொல்லத் தேவையில்லை.

எமது கணித ஆசிரியை அப்போது கைக்குழந்தையோடு இருந்தார். என்னைக் கூப்பிட்டு, "நீ கணிதத்துக்கு ஏ எடுத்த புள்ள. கிழமையில ரெண்டு நாள் சூம்ல வகுப்பு எடு. உனக்குத் தெரிஞ்சதச் சொல்லிக்குடு, போதும்" என்றார். அது போதாது என்று கண்டுபிடிக்க எனக்கு மூன்று கிழமை எடுத்தது.

இணையவழி வகுப்பு எனக்குப் புதியது அல்ல. 2020 மார்ச் நடுப்பகுதியில் பாடசாலைகள் மூடப்பட்டபோது நான் தரம் 8. தேசியத் தொலைக்காட்சியின் நேத்ரா அலைவரிசையில் தமிழில் பாடம் போகும். வட்ஸ்அப்பில் குறிப்புகள் படம் படமாக வரும். அவற்றைக் கொப்பியில் பார்த்து எழுதுவோம். எழுதி முடித்தால் படித்து முடித்ததாகக் கணக்கு. 2021 இல் ஊவா மாகாணத்துப் பிள்ளைகள் சிக்னல் தேடிக் காட்டுப் பாறைமேல் ஏறி உட்கார்ந்து படித்த படங்கள் வந்தன. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை கரண்ட் இல்லை. அந்த வருடம் எரிபொருள் இல்லாமல் மறுபடியும் பாடசாலைகள் மூடப்பட, மறுபடியும் இணைய வகுப்பு. ஆகவே திரைக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்பது எப்படி என்று எனக்கு நன்றாகவே தெரியும். கெமராவை நிறுத்திவிட்டு உம்மாவுக்குத் தேங்காய் துருவிக் கொடுத்துக்கொண்டே "ஓம் டீச்சர்" என்று எழுதியவர்களில் நானும் ஒருத்தி. அப்படியிருந்தும் மறுபக்கத்துக்கு வந்ததும் அதையெல்லாம் மறந்துபோனேன். பன்னிரண்டு "ஓம் ராத்தா"வையும் நம்பினேன்.

முதலில் என்னை இடறியது நேரம். சூமில் பணம் கட்டாமல் நடத்தும் கூட்டத்துக்கு நாற்பது நிமிடம்தான். பாடசாலையில் ஒரு பாடவேளையும் நாற்பது நிமிடம்தானே, சரியாக வரும் என்று கணக்குப் போட்டேன். வரவில்லை. பிள்ளைகள் வந்து சேர எட்டு நிமிடம். "ராத்தா சத்தம் கேக்குதில்ல", "இப்ப கேக்குது", "எனக்குக் கேக்குதில்ல" என்று ஐந்து நிமிடம். மீதியில் நான் இருபது நிமிடம் மூச்சுவிடாமல் பேசுவேன். கேள்வி கேட்க வாயெடுக்கும்போது கூட்டம் தானாக மூடிக்கொள்ளும்.

கோணேசபுரியிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் படித்த என் மாமியின் மகளிடம் இதைச் சொல்லி அழுதேன். அவர் 2020 இல் வீட்டிலிருந்தே விரிவுரை கேட்டவர். அந்தக் காலத்தில் பல்கலைக்கழக மாணவர்களுக்கு லேர்ன் எனப்படும் கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பின் வழியாகச் சூம் விரிவுரைகளை டேட்டாச் செலவின்றிக் கேட்க ஏற்பாடு இருந்தது. பாடசாலைப் பிள்ளைகளின் சூமுக்கும் வட்ஸ்அப்புக்கும் அந்த வசதி இல்லை, ரீலோட் போட்டால்தான் வகுப்பு. ராத்தா நான் சொன்னதைக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "நாப்பது நிமிசத்தில புள்ளைகள் என்ன செய்தாங்க?"

"கேட்டுட்டு இருந்தாங்க" என்றேன்.

"அது உனக்கு எப்படித் தெரியும்?"

எனக்கு விடை இல்லை. அன்றிரவு ஒரு தாளை எடுத்து, வகுப்பில் நான் செய்வது என்ன, பிள்ளைகள் செய்வது என்ன என்று இரண்டு நிரல் போட்டேன். என் நிரல் நிரம்பியது. அடுத்ததில் "கேட்டல்" என்ற ஒரு சொல் மட்டும் இருந்தது.

மைக்கல் மூர் என்ற தொலைக்கல்வி அறிஞரைப் பற்றி ராத்தா சொல்லித்தான் அறிந்தேன். தொலைக்கல்வியில் உண்மையான தூரம் மைல் கணக்கில் இல்லை, ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையில் விளக்கமும் பேச்சும் எவ்வளவு குறைந்திருக்கிறதோ அதுதான் தூரம் என்பது அவருடைய கருத்து. 1989 இல் எழுதிய கட்டுரை ஒன்றில் கற்றலுக்குள் நடக்கும் தொடர்பாடலை அவர் மூன்றாகப் பிரித்தார். மாணவருக்கும் பாடத்துக்கும் இடையிலானது ஒன்று. மாணவருக்கும் ஆசிரியருக்கும் இடையிலானது மற்றொன்று. மாணவர்கள் தமக்குள் பேசிக்கொள்வது மூன்றாவது. நேரடி வகுப்பில் இந்த மூன்றாவது தானாக நடந்துவிடும். பக்கத்து மேசையை எட்டிப் பார்ப்பதும், "எப்படிடி வந்துச்சு?" என்று காதுக்குள் கேட்பதும் அதுதான். ஆசிரியர் அதட்டி அடக்குகிற அந்தக் குசுகுசுப்பில் எவ்வளவு கணிதம் நடக்கிறது என்பது, அது இல்லாத வகுப்பை நடத்தியபோதுதான் எனக்குத் தெரிந்தது. சூமில் ஒருத்தி பேசினால் எல்லோருக்கும் கேட்கும். குசுகுசுக்க இடமே இல்லை.

எனவே பிள்ளைகளை இரண்டு இரண்டு பேராகச் சேர்த்தேன். கூடியவரை ஒரே ஊர்க்காரரை, முடிந்தால் ஒரே ஒழுங்கையில் இருப்பவர்களைச் சேர்த்தேன். பகலில் இருவரும் சந்தித்தோ தொலைபேசியிலோ ஒரு கணக்கைச் செய்யவேண்டும். இரவு வகுப்பில் ஒருத்தி மற்றவளின் விடையைச் சொல்லவேண்டும், தன் விடையை அல்ல. மற்றவளின் விடையைச் சொல்ல வேண்டுமென்றால் அவளிடம் கேட்டுத்தானே ஆகவேண்டும்.

அடுத்தது கெமரா. எங்கள் வகுப்பில் யாரும் முகத்தைக் காட்டவேண்டாம் என்று முதல் நாளே முடிவாகியிருந்தது. எமது பெற்றோர் இதில் எவ்வளவு கவனம் என்பது எல்லோருக்கும் தெரியும். வீட்டின் உட்பக்கம் தெரிவதை விரும்பாத பிள்ளைகளும் இருந்தார்கள். அதை நான் ஒரு குறையாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். முகம் தெரியாமல் எப்படி விளங்கியதா இல்லையா என்று கண்டுபிடிப்பது? பிறகுதான் யோசித்தேன்: கணித வகுப்பில் எனக்கு முகம் எதற்கு? கொப்பி அல்லவா வேண்டும்!

பிஸ்கட் டின் ஒன்றை மேசையில் வைத்து, அதன்மேல் இரண்டு அடிமட்டங்களை வெளியே நீட்டி, பின்முனையில் தடித்த அகராதி ஒன்றைப் பாரமாக ஏற்றினேன். முன்முனையில் போனைப் படுக்கவைத்தால் அதன் பின்கெமரா இரண்டு அடிமட்டங்களுக்கும் இடையால் கீழேயுள்ள தாளைப் பார்க்கும். என் கையும் பேனையும் மட்டும் தெரியும். பிள்ளைகளுக்கும் இதையே சொல்லிக்கொடுத்தேன். ஒருத்தி குர்பான் இறைச்சி வெட்டும் பலகையைக் குறுக்கே வைத்தாளாம். எப்படியோ, கிழமைக்கு நான்கு பேர் என்று முறைபோட்டு ஐந்து ஐந்து நிமிடம் கொப்பியைக் காட்டச் செய்தேன். வீடியோ டேட்டாவைத் தின்னும், ஆகவே மீதி நேரம் எல்லோருக்கும் சத்தம் மட்டும். கணக்கு எந்த வரியில் வழிதவறுகிறது என்பது முகத்தில் ஒருபோதும் தெரியாது. கொப்பியில் தெரியும். அழித்து அழித்து எழுதிய இடம் எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

மௌனம் பற்றியும் சொல்லவேண்டும். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறைகளைக் கவனித்து, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு செக்கன் அளவே காத்திருக்கிறார்கள் என்று கண்டார். அதை மூன்று செக்கன் அல்லது அதற்கு மேல் ஆக்கியபோது விடைகள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். மூன்று செக்கன் என்பது கேட்கச் சின்னதாக இருக்கிறது. திரைக்கு முன் தனியாக உட்கார்ந்து மௌனமாக மூன்று செக்கன் இருந்து பாருங்கள், கரண்ட் போய்விட்டதோ என்று பயம் வரும். அதிலும் எங்கள் பக்கம் சத்தம் போய்ச் சேரவே நேரம் எடுக்கும். நான் மனதுக்குள் பத்து வரை எண்ணப் பழகினேன். முதல் நாட்களில் ஆறில் பொறுமையிழந்து நானே விடையைச் சொல்லிவிடுவேன்.

"விளங்கிச்சா?" என்ற கேள்வியை அடியோடு விட்டுவிட்டேன். அதற்கு "ஓம்" என்பதைத் தவிர மரியாதையான வேறு விடை இல்லை. அதற்குப் பதிலாக ஒரு கணக்கு கொடுப்பேன். விடையை எழுதி வையுங்கள், நான் சொல்லும்வரை அனுப்பாதீர்கள், "இப்போ" என்றதும் எல்லோரும் ஒன்றாக அனுப்புங்கள் என்பேன். சூமில் பிள்ளைகள் எழுதுவது நடத்துபவருக்கு மட்டும் தெரியும்படி வைக்கவும் முடியும். அப்படி வைத்த அன்றுதான் உண்மையான விடைகள் வந்தன. வட்ஸ்அப் வாக்கெடுப்பை நம்பவேண்டாம். யார் எதற்குப் போட்டார்கள் என்று எல்லோருக்கும் தெரியும், கெட்டிக்காரியின் பின்னால் மற்றவர்கள் போவார்கள்.

அப்படிக் கொடுத்த ஒரு கணக்கு இது. இறால் ஒரு கிலோ 2000 ரூபா. விலை 20 சதவீதம் கூடியது. அடுத்த கிழமை 20 சதவீதம் குறைந்தது. இப்போது விலை என்ன? "இப்போ" என்றேன். வந்த விடைகளில் ஒன்றைத் தவிர எல்லாம் 2000. கூடியதும் 20, குறைந்ததும் 20, ஆகவே பழைய விலை. அந்த ஒன்று மட்டும் 1920.

1920 என்று எழுதியவள் வடக்குப் பக்கத்துக் கிராமமொன்றிலிருந்து வரும் பிள்ளை. அவளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையில் எனக்குச் சொல்லக் கஷ்டமான பகுதி.

எங்கள் வகுப்பு இஷாவுக்குப் பின் 7.30 க்கு ஆரம்பிக்கும். அவள் சரியான நேரத்துக்கு வருவாள். ஆனால் 7.50 ஆனதும் அவளுடைய கட்டம் மறைந்துவிடும். ஒவ்வொரு வகுப்பிலும் அப்படியே. சொல்லிவிட்டும் போகமாட்டாள். நாலாவது தடவை எனக்குக் கோபம் வந்தது. அன்று விடிய எனக்குக் கணக்கீட்டுப் பரீட்சை இருந்தது, என் படிப்பை விட்டுவிட்டு இவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேனே என்ற எண்ணமும் இருந்தது. வகுப்பு முடிந்ததும் குழுவில் அவள் பெயரைப் போட்டு எழுதினேன்: "பாதியில் எழும்பிப் போகிறவர்கள் வகுப்புக்கு வரத் தேவையில்லை. படிக்க விருப்பமுள்ளவர்கள் இருந்தால் போதும்." பத்துப் பேர் பார்த்ததற்கான அடையாளம் வந்தது. யாரும் ஒன்றும் எழுதவில்லை. மறுநாள் காலையில் பார்த்தபோது, அவள் குழுவிலிருந்து வெளியேறிவிட்டாள் என்ற சாம்பல் நிற வரி இருந்தது.

ஒரு கிழமை கழித்து உம்மாவையும் கூட்டிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவள் அறைக்குள்ளிருந்து வரவில்லை. அவளுடைய உம்மாதான் தேத்தண்ணி தந்துவிட்டுச் சொன்னார்: "எங்கட வீட்ட ஒரு போன்தான் புள்ள. அது வாப்பாட போன். எட்டு மணிக்கு அவரு களப்புக்கு இறால் புடிக்கப் போயிடுவாரு. தண்ணிக்குள்ள போற மனுசன், போன் இல்லாம எப்படி அனுப்புற? மக அதச் சொல்ல வெட்கப்பட்டுட்டா."

நான் என்ன சொல்வது? நாற்பது நிமிடத்தில் இருபது நிமிடம் கிடைத்தாலும் விடாமல் வந்த பிள்ளையை, படிக்க விருப்பமில்லாதவள் என்று எல்லோர் முன்னாலும் எழுதியிருக்கிறேன். நேரடி வகுப்பில் ஆசிரியர் ஏசினால் அந்தச் சத்தம் காற்றோடு போய்விடும். குழுவில் எழுதினால் அது அப்படியே இருக்கும், திரும்பத் திரும்ப வாசிக்கலாம். அவளும் வாசித்திருப்பாள். அந்த வரியை நான் அழித்தேன். அறைக் கதவுக்கு வெளியே நின்று மன்னிப்பும் கேட்டேன். உள்ளேயிருந்து சத்தம் வரவில்லை. அன்றும் மனதுக்குள் பத்து வரை எண்ணினேன்.

வீட்டுக்கு வரும் வழியில் உம்மா கேட்டார்: "அந்த மனுசன் எத்தின மணிக்குத் திரும்பி வாராராம்?" சுபஹுக்கு முன் வந்துவிடுவார் என்று அவர்கள் சொல்லியிருந்தார்கள். அதுவரை எனக்குத் தோன்றாத ஒன்றை உம்மா அந்த ஒரு கேள்வியில் சொல்லிவிட்டார். போன் வீட்டில் இருக்கிறது. வகுப்பு நேரத்தில் இல்லை, அவ்வளவுதான்.

தொலைக்கல்வியின் வரலாற்றைப் படித்தால் எல்லோரும் ஒரே நேரத்தில் கூடுவது பிற்காலத்தில் வந்தது என்று தெரியும். இங்கிலாந்தில் 1840 இல் குறைந்த கட்டணத் தபால் முறை வந்தபோது, ஐசக் பிட்மன் என்பவர் சுருக்கெழுத்தைத் தபால் மூலம் கற்பித்தார். மாணவர்கள் பயிற்சியை எழுதி அனுப்புவார்கள், அவர் திருத்தித் திருப்பி அனுப்புவார். அவர்கள் எந்த மணிக்கு உட்கார்ந்து எழுதினார்கள் என்பது அவருக்குத் தேவையில்லை. பிரித்தானியாவின் திறந்த பல்கலைக்கழகம் 1969 இல் உருவாகி, 1971 இல் கற்பிக்கத் தொடங்கியபோது தபாலோடு வானொலியையும் தொலைக்காட்சியையும் சேர்த்துக்கொண்டது. எமது நாட்டில் நாவலையில் திறந்த பல்கலைக்கழகம் 1980 இல் தொடங்கியது. வேலைக்குப் போகிறவர்களும் பிள்ளை வளர்க்கும் தாய்மாரும் அதில் படித்துப் பட்டம் பெறுகிறார்கள். இவை எல்லாவற்றிலும் மாணவரிடம் ஏதோ ஒன்று போகிறது, மாணவரிடமிருந்து ஏதோ ஒன்று வருகிறது, அதைத் திருத்த ஒருவர் இருக்கிறார். அந்தத் திருத்தம் இல்லாவிட்டால் அது வெறும் தபால்தான். 2020 இல் நாங்கள் பார்த்து எழுதிய குறிப்புகளில் இல்லாமல் போனது அதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

எனவே வகுப்பைத் தலைகீழாக்கினேன். பாடத்தை இரண்டு நிமிடக் குரல்பதிவுகள் மூன்றாகப் பிரித்துப் பகலிலேயே வட்ஸ்அப்பில் போட்டேன். வீடியோவோடு ஒப்பிட்டால் குரல்பதிவுக்குப் போகும் டேட்டா மிகக் கொஞ்சம். "பாடநூலைத் திறவுங்கள், இத்தனையாம் பக்கம், இரண்டாவது உதாரணம்" என்று தொடங்குவேன். 1980 முதல் அரசாங்கம் இலவசமாகத் தரும் பாடநூல் எல்லாப் பிள்ளைகளின் பையிலும் இருக்கிறது. சார்ஜ் தேவையில்லை, சிக்னல் தேவையில்லை. இவ்வளவு நாளும் அதே பக்கத்தை நான் படமெடுத்து அனுப்பி மற்றவர்களின் டேட்டாவை வீணாக்கியிருக்கிறேன். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்திலும் தமிழில் பாடங்கள் உண்டு, வசதியுள்ளவர்கள் பார்த்தார்கள். சூம் நாற்பது நிமிடத்தில் நான் புதிதாக எதையும் கற்பிப்பதில்லை. பிள்ளைகள் கணக்கு செய்வார்கள், நாங்கள் பிழைகளைப் பார்ப்போம். வர முடியாதவர்கள் கொப்பியைப் படமெடுத்து எந்த நேரமும் அனுப்பலாம். நான் சிவப்பு வட்டம் போட்டு, ஏன் என்று ஒரு குரல்பதிவு வைப்பேன். ஒரு நாளைக்கு இதற்கு ஒரு மணி நேரம் போகிறது. என் கணக்கீட்டுப் புள்ளி கொஞ்சம் குறைந்தது என்பதையும் மறைக்கவில்லை.

இதை வாசிக்கும் பெற்றோருக்கு ஒரு சில வார்த்தைகள். உங்கள் மகளின் இணைய வகுப்பைப் பற்றி நீங்கள் கேட்டு அறியவேண்டிய விடயங்கள் உண்டு. வகுப்பின் இணைப்பை வெளியாட்கள் பார்க்கும் இடத்தில் போடக்கூடாது. 2020 இல் முன்பின் தெரியாதவர்கள் வகுப்புகளுக்குள் புகுந்து தொந்தரவு செய்த சம்பவங்கள் உலகெங்கும் நடந்த பிறகு, அந்த ஏப்ரலில் சூம் நிறுவனம் கடவுச்சொல்லையும் காத்திருப்பு அறையையும் இயல்பாகவே வரும்படி வைத்தது. அதை யாரும் நிறுத்திவைக்கக் கூடாது. சாதாரண வட்ஸ்அப் குழுவில் உங்கள் மகளின் இலக்கம் குழுவிலுள்ள எல்லோருக்கும் தெரியும். வட்ஸ்அப்பின் சமூக அறிவிப்புக் குழுவில் மற்ற உறுப்பினர்களுக்கு இலக்கம் தெரியாது. நான் பின்னர் அதற்கு மாறினேன். ஒரு நாள் காத்திருப்பு அறையில் யாரோ ஓர் ஆணின் பெயர் வந்து நின்றது. பயந்துபோய் உள்ளே விடவில்லை. பிறகு பார்த்தால் எங்கள் மாணவி ஒருத்தி தன் நானாவின் போனில் வந்திருந்தாள், பாவம், அரை மணி நேரம் வெளியே நின்றாள். அன்றிலிருந்து சொந்தப் பெயரை மாற்றிப்போட்டுவிட்டு வரவேண்டும் என்பது சட்டம். இன்னொன்று: வகுப்பு நடக்கும் நாற்பது நிமிடத்தில் மகளைக் கடைக்கு அனுப்பாதீர்கள், தம்பியைத் தூக்கச் சொல்லாதீர்கள். அவள் சும்மா போனைப் பார்த்துக்கொண்டிருப்பதுபோலத்தான் தெரியும். எனக்கும் வீட்டில் அப்படித்தான் சொன்னார்கள், வகுப்பு எடுப்பதே நான் என்று தெரிந்திருந்தும்.

நான் இதை எழுதும்போது பெப்ரவரி முடியப் போகிறது. பரீட்சை மார்ச் 17 இல் தொடங்குகிறது, நோன்பு மாதத்தில். தராவீஹுக்கு இடம் விட்டு வகுப்பை அஸருக்குப் பின் மாற்ற வேண்டும். பதினான்கு பேரில் பதினொருவர் இப்போது ஒழுங்காகக் கணக்கு அனுப்புகிறார்கள். இருவர் எப்போதாவது அனுப்புவார்கள்.

பதினான்காவது பிள்ளை குழுவுக்குத் திரும்பி வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. ஆனால் அவர்கள் வீட்டுக்குப் போய்வந்த பத்தாம் நாள் காலை, சுபஹு தொழுதுவிட்டுப் போனை எடுத்தபோது அந்த வாப்பாவின் இலக்கத்திலிருந்து ஒரு படம் வந்திருந்தது. கொப்பியின் ஒரு பக்கம், நான்கு கணக்குகள். சலாமும் இல்லை, வேறு சொல்லும் இல்லை. திருத்தி அனுப்பினேன். மறுநாளும் வந்தது. அதன் பிறகு பெரும்பாலான காலைகளில் ஐந்து மணியை ஒட்டி வருகிறது. சில படங்களின் மூலையில் தண்ணீர் பட்ட தடம் இருக்கும்.

சென்ற கிழமை முதன்முறையாகக் குரல்பதிவு ஒன்று வந்தது. பின்னால் பாங்கு கேட்டது. மெதுவாகப் பேசினாள். வீட்டில் எல்லோரும் தூங்கியிருப்பார்கள்.

"ராத்தா, அந்த இறால் கணக்கு. 2000, 2400 ஆச்சு. இருவது வீதம் குறைச்சா 1920 தானே வருது, வாப்பாக்கு எம்பது ரூபா நட்டம். அப்ப திரும்ப 2000 க்கே வரணுமெண்டா எத்தின வீதம் குறைக்கணும்? நான் செஞ்சு பாத்தன். பதினாறு தசம் ஆறு ஆறு ஆறு எண்டு முடியாமப் போகுது. நான் எங்கயும் பிழை விட்டனா?"

பிழை விடவில்லை. 2400 இல் 400 ஐக் குறைக்க வேண்டும், அது ஆறில் ஒரு பங்கு, பதினாறும் மூன்றில் இரண்டும் சதவீதம். அது முடியாத தசமம்தான். உடனே அதைச் சொல்லிவிட வாயெடுத்தேன். பிறகு பதிவை நிறுத்தி அழித்துவிட்டு, 400 என்பது 2400 இல் என்ன பின்னம் என்று மட்டும் கேட்டு அனுப்பினேன்.

அடுத்த நாள் காலை 5.10 க்குப் பதில் வந்தது.